அவர் சிரித்த நாற்பது நொடி: வாசகர் கேள்வி பதில்

போன இதழில் "ஆவணப்படங்கள் பற்றிய உங்கள் கேள்விகளை அனுப்புங்கள்" என்று ஆசிரியர் ஒரு பெட்டிச் செய்தி போட்டார். எதிர்பார்த்ததைவிட நிறையவே வந்துவிட்டன. முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நான் இயக்குநர் இல்லை, எடிட்டர். இருபத்திரண்டு வருஷமாக, மற்றவர்கள் வெயிலில் நின்று எடுத்துவந்ததை அறைக்குள் உட்கார்ந்து வெட்டுவதுதான் என் பிழைப்பு. அதனால் படத்தில் என்ன இருக்கிறது என்பதைவிட எதைத் தூக்கிப்போட்டோம் என்பதுதான் எனக்கு அதிகம் ஞாபகம் இருக்கும். பதில்களும் அப்படித்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: உள்ளதை உள்ளபடி காட்டுவதுதான் ஆவணப்படம் என்று நினைத்திருந்தேன். அண்மையில் பார்த்த ஒன்றில், ஒருவர் வீட்டுக் கதவைத் திறந்துகொண்டு வெளியே வருகிறார். கேமரா ஏற்கெனவே வாசலில் காத்திருக்கிறது. யாரோ "இப்போது வாருங்கள்" என்று சொல்லித்தானே அவர் வந்திருப்பார்? அப்படியானால் இதற்கும் நாடகத்துக்கும் என்ன வித்தியாசம்? (ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர்)

பதில்: சரியாகப் பிடித்தீர்கள். சொல்லித்தான் வந்திருப்பார். பெரும்பாலும் இரண்டாவது தடவை வந்திருப்பார், முதல் தடவை ஃபோகஸ் போயிருக்கும்.

இந்த வேலை சினிமா பிறந்த அன்றே தொடங்கிவிட்டது. 1895இல் லூமியேர் சகோதரர்கள் தங்கள் தொழிற்சாலையிலிருந்து தொழிலாளர்கள் வெளியே வருவதைப் படம்பிடித்தார்கள். அதற்கு மூன்று வடிவங்கள் உண்டு. ஒன்றில் ஒற்றைக் குதிரை பூட்டிய வண்டி வருகிறது, இன்னொன்றில் இரட்டைக் குதிரை, மூன்றாவதில் குதிரையே இல்லை. ஆராய்ச்சியாளர்கள் இன்றும் குதிரையை வைத்துத்தான் அவற்றை அடையாளம் சொல்கிறார்கள். வேலை முடிந்து வீட்டுக்குப் போகிறவர்களை மறுபடி மறுபடி வாசலைத் தாண்டச் சொல்லியிருக்கிறார்கள் என்றுதானே அர்த்தம்?

எனக்கு அது பெரிய குற்றமாகத் தெரியவில்லை. அவர்கள் நிஜமாகவே அங்கே வேலை பார்த்தவர்கள், அந்த வாசல் வழியாகத்தான் தினமும் போனார்கள். என்னை உறுத்துவது வேறொன்று. 1922இல் ராபர்ட் ஃப்ளஹர்ட்டி, வட கனடாவில் வாழும் இனுயிட் மக்களைப் பற்றி 'நானூக் ஆஃப் தி நார்த்' எடுத்தார். வெளிச்சம் போதவில்லை என்று பனிவீட்டின் ஒரு பக்கத்தையே திறந்துவைத்து உள்ளே நடப்பதை எடுத்தார். போகட்டும். படத்தில் நானூக் என்று வருபவரின் உண்மைப் பெயரே வேறு. அதையும் விடுங்கள். ஆனால் அந்த மக்கள் அப்போது துப்பாக்கி வைத்து வேட்டையாடிக்கொண்டிருந்தார்கள். ஃப்ளஹர்ட்டி துப்பாக்கியை ஒதுக்கிவிட்டு, பழைய நாளில் போல ஈட்டியெறிந்து வேட்டையாடச் செய்தார். வியாபாரி வந்துவிட்டான், துப்பாக்கி வந்துவிட்டது, ரோமத்தோல் வணிகம் வந்துவிட்டது. அவர்களுடைய வாழ்க்கை கண்ணெதிரே மாறிக்கொண்டிருந்த நேரம். கேமரா வைத்திருந்த ஒரே ஆள் அந்த மாற்றத்தை ஃப்ரேமுக்கு வெளியே தள்ளிவிட்டார். கதவை மறுபடி திறக்கச் சொன்னால் நான் கண்டுகொள்ள மாட்டேன். கையிலிருந்த துப்பாக்கியைப் பிடுங்கினால் சண்டைக்கு வருவேன்.

கேள்வி: ஒரு மணி நேரப் படத்துக்கு எவ்வளவு எடுக்க வேண்டும்? (முதல் படம் எடுக்கப்போகும் ஒருவர்)

பதில்: எவ்வளவு எடுத்தாலும் "இன்னும் கொஞ்சம் எடுத்திருக்கலாமே" என்று எடிட்டர் சொல்வார். அந்தக் காலத்தில் 16 எம்.எம். ஃபிலிமில் 400 அடிச் சுருள் ஒன்று 11 நிமிடத்தில் தீர்ந்துவிடும். பட்டனை அழுத்துமுன் ஆள் யோசிப்பார். இப்போது யோசிக்கத் தேவையில்லை, அந்த யோசனை முழுதும் என் தலையில் வந்து விழுகிறது.

'ஹூப் ட்ரீம்ஸ்' (1994) அரை மணி நேரப் படமாகத் திட்டமிடப்பட்டது. கூடைப்பந்து ஆட்டக்காரர்களாக வேண்டும் என்று கனவு கண்ட இரண்டு சிறுவர்களை ஐந்து ஆண்டுகள் தொடர்ந்தார்கள். 250 மணி நேரம் சேர்ந்துவிட்டது. மூன்று மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவான படம் வந்தது. சிறுவர்கள் வளர்ந்தார்கள், காலில் அடிபட்டது, ஒரு தகப்பனார் வீட்டைவிட்டுப் போனார், திரும்பி வந்தார். இதையெல்லாம் கால்ஷீட் போட்டு எடுக்க முடியாது. ஆகவே மணிக்கணக்கை விடுங்கள். எத்தனை மாதம் திரும்பத் திரும்பப் போகப்போகிறீர்கள் என்று கணக்குப் போடுங்கள்.

கேள்வி: மேடம், ஐந்து வருடத்துக்கு முன் எங்கள் அப்பாவை ஒரு ஆவணப்படத்துக்காக எடுத்தார்கள். அவர் வேலை பார்த்த அச்சகம் மூடிய சமயம். அப்பா சரியான வாயாடி, எல்லோரையும் கிண்டலடிப்பார். மூன்று நாள் வந்து எடுத்தார்கள். படத்தில் நான்கு நிமிடம் வருகிறார். முழுக்கத் தலைகுனிந்தபடி, ஒரு வார்த்தை பேசாமல். "ஏன், நான் செத்தா போயிட்டேன்?" என்று கேட்டார். அதற்குப் பிறகு அந்தப் படத்தைப் பற்றிப் பேசினாலே எழுந்து போய்விடுகிறார். இப்படிச் செய்ய அவர்களுக்கு உரிமை உண்டா? (ஒரு மகள்)

பதில்: காகிதத்தில் உண்டு அம்மா. அப்பாவிடம் ஒரு ரிலீஸ் ஃபார்மில் கையெழுத்து வாங்கியிருப்பார்கள். "எடுத்ததை எங்கள் விருப்பப்படி தொகுத்துக்கொள்ளலாம்" என்று அதில் ஒரு வரி இருக்கும். ஆனால் நீங்கள் காகிதத்தைப் பற்றிக் கேட்கவில்லை என்று புரிகிறது. உங்கள் கடிதத்தை இரண்டு நாள் மேசையிலேயே வைத்திருந்தேன். அந்த நான்கு நிமிடத்தை நான் வெட்டவில்லை. அதே மாதிரி ஒன்றை வெட்டியிருக்கிறேன்.

ஒரு நெசவாலை மூடியதைப் பற்றிய படம். 84 மணி நேர ஃபுட்டேஜ், 52 நிமிடத்துக்குக் கொண்டுவர வேண்டும். படத்தின் மையம் ஒரு பெண்மணி, பத்தொன்பது வருஷம் தறிக்கூடத்தில் நின்றவர். ஒரு காட்சியில் வாசற்படியில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டே பேசுகிறார். சட்டைக் காலரில் குத்தும் சின்ன மைக்கைச் சேலையில் மாட்டியிருந்தார்கள். குரல் அளவுக்கு மீறி ஏறுகிறது. ஒலிப்பதிவாளர் குறைத்துக் குறைத்துப் பார்த்துவிட்டு, "கொஞ்சம் மெதுவாப் பேசுங்கம்மா" என்கிறார். அவ்வளவுதான், அந்த அம்மாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது.

"மெதுவாத்தான் பேசறேன்! பத்தொன்பது வருஷம் தறிச் சத்தத்துல கத்திக் கத்திப் பழகிப்போச்சு. ஆலை மூடி மூணு வருஷம் ஆச்சு, இந்தத் தொண்டைக்கு மட்டும் இன்னும் யாரும் சொல்லலை போல. நான் திட்டறேன்னு நினைச்சுக்கிட்டு மருமக ரெண்டு மாசம் என்கிட்டப் பேசலை!"

மடித்த துணியால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார். மைக்கில் துணி உரசும் சத்தம் சரசரவென்று கேட்கிறது. மொத்தம் நாற்பது நொடி. பிறகு சிரிப்பு அடங்குகிறது, ஒரு ஆறு நொடி தரையைப் பார்த்தபடி இருக்கிறார். மறுபடி துணியை எடுக்கிறார்.

அந்த ஆறு நொடியை வைத்துக்கொண்டேன். நாற்பது நொடியை எறிந்தேன். முந்தைய காட்சி ஆளில்லாத தறிக்கூடம். அதிலிருந்து சிரிப்புக்குப் போனால் 'மூட் உடையுது' என்று இயக்குநர் சொன்னதாகப் பல வருஷம் எல்லோரிடமும் சொல்லிவந்தேன். உண்மையில் முதலில் சொன்னது நான்தான். தறிக்கூடம், அடுத்து அந்தக் குனிந்த முகம். பார்த்தவர்கள் எல்லோரும் அந்த இடத்தில் உருகினார்கள். நல்ல கட் என்று என் கையைக் குலுக்கியவர்களும் உண்டு.

படத்தில் வந்தவர்களுக்காக ஒரு காட்சி ஏற்பாடு செய்தோம். முடிந்து விளக்குப் போட்டதும் அவர் என்னிடம் வந்தார். "ஏம்மா, நான் ஒரு தடவைகூடவா சிரிக்கலை?" என்று கேட்டார். அவரளவில் மெதுவாகத்தான் கேட்டார். அரங்கில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நீளம் அதிகமாகிவிட்டது, நேரம் பற்றவில்லை என்று என்னவோ உளறினேன்.

ஆலை மூடியபின் ஒரு மனுஷிக்கு என்ன ஆனது என்பதற்கு அந்தத் தொண்டையைவிட நல்ல சாட்சி 84 மணி நேரத்தில் வேறெங்கும் இருக்கவில்லை. வேலை போனது தெரியும், பணம் வராதது தெரியும், அதெல்லாம் செய்தித்தாளிலும் வரும். வேலை போன பிறகும் உடம்பு வேலைக்குப் போய்க்கொண்டே இருக்கிறது, அதனால் வீட்டுக்குள் மருமகளோடு சண்டை வருகிறது என்பதை அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். சிரித்ததால் வெட்டிவிட்டேன். துயரப்படுகிறவர் துயரமாகத்தான் இருக்க வேண்டும் என்று நாங்களே முடிவு கட்டிவிடுகிறோம். உங்கள் அப்பாவுக்கு நடந்ததும் அதுதான் என்று நினைக்கிறேன்.

இப்போது செய்யக்கூடியது ஒன்று உண்டு. படமெடுத்தவர்களுக்கு எழுதி, அப்பாவை எடுத்த மூன்று நாள் ஃபுட்டேஜில் ஒரு பிரதி கேளுங்கள். கொடுக்க வேண்டும் என்று சட்டம் இல்லாவிட்டாலும் நிறையப் பேர் கொடுப்பார்கள். தள்ளிப்போடாதீர்கள். ஹார்ட் டிஸ்க் பீரோவில் சும்மா கிடந்தே செத்துப்போகும். ஐந்து வருஷம் என்பது ஏற்கெனவே ஜாஸ்தி. அப்பா வாயடிக்கும் பகுதி நிச்சயம் அதில் இருக்கும்.

கேள்வி: அப்படியானால் படத்தை முடிக்குமுன்பே அதில் வருபவர்களுக்குப் போட்டுக் காட்டக் கூடாதா? (மேற்கண்ட கேள்வியை இவர் பார்த்திருக்க முடியாது, ஆனால் பொருத்தமாக வந்து சேர்ந்தது.)

பதில்: காட்டலாம். காட்டியது மட்டுமில்லாமல் அதனால் வந்த சண்டையையே படத்தில் சேர்த்தவர்கள் இருக்கிறார்கள். 1960 கோடையில் ழான் ரூஷ் என்ற இயக்குநரும் எட்கார் மொரான் என்ற சமூகவியலாளரும் பாரிஸ் தெருக்களில் "நீங்கள் சந்தோஷமாக இருக்கிறீர்களா?" என்று ஆட்களை விட்டுக் கேட்கவைத்து ஒரு படத்தைத் தொடங்கினார்கள். கையில் தூக்கிக்கொண்டு நடக்கக்கூடிய கேமராவும் கூடவே ஒலியும் பதிவாகும் வசதியும் அப்போதுதான் வந்துகொண்டிருந்தன. 'க்ரானிக்கிள் ஆஃப் எ சம்மர்' என்று ஆங்கிலத்தில் அழைக்கப்படும் அந்தப் படத்தின் கடைசியில், படத்தில் பேசியவர்களையே உட்காரவைத்து எடுத்ததைப் போட்டுக் காட்டுகிறார்கள். ஒருவர் நிஜம் என்கிறார், இன்னொருவர் நடிப்பு என்கிறார், ஒருவருக்கு இவ்வளவு அந்தரங்கம் பிடிக்கவில்லை. எடுத்தவர்கள் இருவரும் முகம் வாடிப்போய் நடைபோடுவதோடு படம் முடிகிறது. எனக்கு ரொம்பப் பிடித்த தோல்வி அது.

காட்டாமல் விட்டாலும் இப்போதெல்லாம் பதில் வந்துவிடும். தலித் பெண்கள் நடத்தும் 'கபர் லஹரியா' என்ற செய்தி நிறுவனத்தைப் பற்றிய 'ரைட்டிங் வித் ஃபயர்' 2022இல் ஆஸ்கருக்குப் பரிந்துரையானது. விழாவுக்குச் சில நாள் முன்பு அந்தப் பெண்களே ஓர் அறிக்கை விட்டார்கள்: படம் நெகிழ்ச்சியாகத்தான் இருக்கிறது, ஆனால் எங்கள் வேலையில் ஒரு பகுதியை மட்டும் காட்டி முழுவதும் அதுதான் என்பது போல் ஆக்கிவிட்டது என்று. ஒரு எடிட்டராக எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஆனாலும் அவர்கள் பத்திரிகைக்காரர்கள், பதில் எழுதத் தெரிந்தது. மற்றவர்களுக்கு எழுந்து போவதைத் தவிர வேறு வழியில்லை.

கேள்வி: பின்னணிக் குரல் வேண்டுமா, வேண்டாமா? இசை?

பதில்: குரல், தேவைப்பட்டால். இசை, முடிந்தவரை வேண்டாம். அழுகிற முகத்துக்குக் கீழே வயலின் போட்டால் பார்ப்பவரிடம் "இந்த இடத்தில் அழவும்" என்று போர்டு மாட்டுவது போல. எடுக்கும் இடத்தின் சத்தத்தை இரண்டு நிமிடம் யாரும் பேசாமல் தனியாகப் பதிவு செய்துகொண்டு வாருங்கள், எடிட்டர் உங்களை வாழ்த்துவார்.

கேள்வி: ஆவணப்படத்தால் நிஜமாகவே ஏதாவது மாறியிருக்கிறதா? விழாவில் கைதட்டிவிட்டு எல்லோரும் வீட்டுக்குப் போகிறார்கள். (சமூகப்பணி படிக்கும் மாணவர்)

பதில்: கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஒரு மனிதரைப் பொறுத்தவரை மாறியது உண்டு. டெக்சாஸ் மாநிலத்தில் 1976இல் ஒரு போலீஸ்காரர் சுட்டுக் கொல்லப்பட்டார். ராண்டல் ஆடம்ஸ் என்பவருக்கு மரண தண்டனை விதித்தார்கள், பிறகு ஆயுளாகக் குறைந்தது. எரால் மாரிஸ் 1988இல் எடுத்த 'தி தின் ப்ளூ லைன்', சாட்சிகளின் பேச்சை ஒன்றோடொன்று மோதவிட்டு வழக்கையே ஆட்டம் காணவைத்தது. அடுத்த ஆண்டு ஆடம்ஸ் விடுதலையானார். கேட்க இனிப்பாக இருக்கிறது அல்லவா? வெளியே வந்ததும் தன் வாழ்க்கைக் கதையின் உரிமை யாரிடம் இருக்கிறது என்பதில் அவருக்கும் மாரிஸுக்கும் வழக்கு வந்தது. நீதிமன்றத்துக்கு வெளியே பேசி முடித்துக்கொண்டார்கள். இந்தப் பின்கதையையும் சேர்த்தே நான் மாணவர்களுக்குச் சொல்வது வழக்கம்.

இன்னொன்று, 'ஹௌசிங் ப்ராப்ளம்ஸ்', 1935. லண்டன் சேரிகளில் வாழ்ந்தவர்கள் தாங்களே கேமராவைப் பார்த்துப் பேசினார்கள். எலி, மூட்டைப்பூச்சி, ஒழுகும் சுவர், எல்லாம் அவர்கள் வாயாலேயே. அதுவரை அவர்களைப் பற்றி வேறு யாராவதுதான் பேசிவந்தார்கள். பணம் போட்டது யார் தெரியுமா? எரிவாயுத் தொழில்காரர்களின் சங்கம். சேரி போய்ப் புது அடுக்ககம் வந்தால் அங்கே கேஸ் அடுப்பு வரும், கேஸ் விற்கும். அதனால் அந்த ஏழைகள் சொன்னது பொய்யாகிவிடுமா? ஆகாது. ஆனால் எந்தத் துயரத்துக்கு ஸ்பான்சர் கிடைக்கிறது, எதற்குக் கிடைப்பதில்லை என்று பார்க்க அன்றிலிருந்து பழகிக்கொண்டிருக்கலாம்.

கேள்வி: சம்மதம் வாங்கிவிட்டால் யாரை வேண்டுமானாலும் எடுக்கலாமா?

பதில்: 'டிடிகட் ஃபாலிஸ்' என்ற படம், 1967. மனநலம் குன்றிய குற்றவாளிகளை அடைத்துவைத்திருந்த ஒரு அமெரிக்க அரசுக் காப்பகத்துக்குள் ஃப்ரெடரிக் வைஸ்மன் எடுத்தது. நிர்வாணமாக நிறுத்தப்பட்ட மனிதர்கள், மூக்கில் குழாய் செருகி உணவேற்றும் ஒரு மருத்துவர். உள்ளே இருப்பவர்களின் அந்தரங்கம் பறிபோகிறது என்று மாசசூசெட்ஸ் அரசு வழக்குப் போட்டது. 1991 வரை பொதுமக்களுக்குத் திரையிட முடியவில்லை. அவர்களால் சம்மதம் தந்திருக்க முடியுமா என்ற கேள்வி நியாயமானது. அந்தக் கேள்வியை எழுப்பியவர்கள், அவர்களை நிர்வாணமாக நிறுத்திவைத்த அதே அரசு. நான் இரண்டு பக்கமும் மாறிமாறிச் சாய்ந்திருக்கிறேன், இன்று வைஸ்மன் பக்கம்.

கேள்வி: மாறிவரும் வாழ்க்கையைக் காட்டும் படங்களில் எதிலிருந்து தொடங்கலாம்? ஒன்றே ஒன்று சொல்லுங்கள். (ஒரு குடும்பத் தலைவி)

பதில்: 'அப்' தொடர். 1964இல் பிரிட்டிஷ் தொலைக்காட்சி ஒன்று, வெவ்வேறு வர்க்கங்களைச் சேர்ந்த பதினான்கு ஏழு வயதுக் குழந்தைகளைப் பேசவைத்தது. பிறகு ஏழு ஆண்டுக்கு ஒருமுறை அவர்களைத் தேடிப் போனார்கள். 2019இல் அவர்களுக்கு 63 வயது. முதல் படத்தில் ஆராய்ச்சி உதவியாளராக இருந்த மைக்கேல் ஆப்டெட், இரண்டாவதிலிருந்து அந்த 2019 படம் வரை எல்லாவற்றையும் இயக்கினார்.

பணக்காரப் பிள்ளை எங்கே போவான், ஏழைப் பிள்ளை எங்கே நிற்பான் என்று காட்டத்தான் ஆரம்பித்தார்கள். பதினான்கு பேரில் பெண் குழந்தைகள் நான்கே பேர். அடுத்த ஐம்பது ஆண்டில் அந்தச் சமூகத்தில் பெரிதாக மாறப்போவது பெண்களின் வாழ்க்கை என்பது 1964இல் குழந்தைகளைத் தேர்ந்தெடுத்தவர்களுக்குத் தோன்றவே இல்லை. ஆப்டெட் பிற்காலத்தில் இதற்காக வருந்தினார். பதினான்கு பேரில் ஒருவர் 21 வயதுக்குப் பிறகு வர மறுத்துவிட்டார். அவரே பிற்பாடு ஆவணப்படத் துறைக்குத்தான் வந்தார் என்பது தனிக் கதை.

ஒவ்வொரு படத்திலும் முந்தைய படங்களின் துண்டுகள் திரும்ப வரும். "ஏற்கெனவே பார்த்ததுதானே" என்று ஓட்டிவிடாதீர்கள். ஏழு வயதில் அந்தக் குழந்தை சொன்ன ஒரே பதில், ஒரு படத்தில் முழுதாக வரும், இன்னொன்றில் பாதியில் நிற்கும். எந்த இடத்தில் கத்தரி விழுந்திருக்கிறது என்று பாருங்கள். முடித்துவிட்டு எனக்கு ஒரு கடிதம் போடுங்கள்.